கிராஃப்டன் ஆல்ட்டோ சாக்சபோன்: மூலப்பொருள், வடிவமைப்பு, மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

1950ஆம் ஆண்டு இலண்டனில் விற்பனைக்கு வந்த கிராஃப்டன் ஆல்ட்டோ சாக்சபோன், அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்ட உடலைக் கொண்டது. சார்லி பார்க்கர், ஆர்னெட் கோல்மன் ஆகிய இரு ஜாஸ் கலைஞர்கள் கையாண்டதால் இசை வரலாற்றில் இடம்பெற்ற இக்கருவி பெரும்பாலும் இரு நிலைகளிலிருந்தே மதிப்பிடப்படுகிறது. ஒன்று, பிளாஸ்டிக் என்பதால் ஒலித்தரம் குன்றியது என்னும் நிலை. மற்றொன்று, மேதைகளின் நினைவுப்பொருள் என்னும் நிலை. இவ்விரண்டும் கருவியின் வடிவமைப்பைக் கருத்தில் கொள்ளவில்லை என்பதையும், கிராஃப்டனின் தோல்விக்குக் காரணம் ஒலி அன்று, பழுதுபார்க்க இயலாமையே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சாக்சபோன், கிராஃப்டன், அக்ரிலிக், துளைக்கருவி, ஒலிப்பண்பு, ஆர்னெட் கோல்மன்

முன்னுரை

அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பிரான்சில் சாக்சபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அன்றுமுதல் அக்கருவியின் உடல் பித்தளையால் ஆனது என்பது எழுதப்படாத விதியாக இருந்து வந்தது. சாவிகளின் அமைப்பு பலமுறை மாறியது, கூம்புக்குழலின் அளவுகள் திருத்தப்பட்டன, மெருகுப்பூச்சுகள் வந்தன. ஆயினும் உடலின் மூலப்பொருள் பெரிதும் கேள்விக்கு உட்படவில்லை. இந்த விதியை வணிக அளவில் மீறிய முதன்மையான முயற்சி கிராஃப்டன் ஆகும்.

ஒரு கருவி புதிய மூலப்பொருளில் செய்யப்படும்போது அதன் மதிப்பீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அப்பொருள் ஒலியை எவ்வாறு மாற்றுகிறது என்பது ஒன்று. அப்பொருள் கருவியின் கட்டமைப்பையும் பயன்பாட்டையும் எவ்வாறு மாற்றுகிறது என்பது மற்றொன்று. கிராஃப்டனைப் பற்றிய பேச்சில் முதற்கேள்வியே மேலோங்கியுள்ளது. ஆனால் இக்கருவியின் சிறப்பும் வீழ்ச்சியும் இரண்டாம் கேள்விக்குள் அடங்கியுள்ளன.

1. கருவி தோன்றிய சூழல்

கிராஃப்டனை வடிவமைத்தவர் இலண்டனில் வாழ்ந்த இத்தாலியரான ஹெக்டர் சோமருகா. 1945 செப்டம்பரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1946இல் இயங்காத முதல் மாதிரி உருவானது. 1950இல் உற்பத்தி தொடங்கியது. அவர் தொழில் நடத்திய கிராஃப்டன் வே என்னும் தெருவின் பெயரே கருவிக்கு இடப்பட்டது. பின்னர் ஜான் இ. டல்லாஸ் அண்டு சன்ஸ் நிறுவனம் இதனை உற்பத்தி செய்தது.

விண்ணப்பம் அளிக்கப்பட்ட காலம் கருதத்தக்கது. இரண்டாம் உலகப்போரின்போது போர் விமானங்களின் கண்ணாடி மூடிகளுக்காக அக்ரிலிக் பேரளவில் உற்பத்தி செய்யப்பட்டது. போர் முடிந்தபின் அப்பொருளும் அதனைக் கையாளும் தொழில்நுட்பமும் பொதுமக்களுக்கான பொருள்களை நோக்கித் திரும்பின. அதே வேளையில் பிரிட்டனில் நுகர்பொருள் தட்டுப்பாடு நிலவியது. மலிவான, பேரளவில் வார்க்கத்தக்க ஒரு கருவிக்கு இச்சூழல் இடமளித்தது. கிராஃப்டனின் தொடக்க விலை 55 கினி, அதாவது 57 பவுண்டு 15 ஷில்லிங். வழக்கமான பித்தளைக் கருவியின் விலையில் இது ஏறத்தாழப் பாதி ஆகும்.

எனவே கிராஃப்டன் புதிய ஒலியைத் தேடிய கருவி அன்று. பழைய ஒலியைக் குறைந்த விலையில் தர முயன்ற கருவி. பிற்கால மதிப்பீடுகள் பல இந்த நோக்கத்தை மறந்துவிட்டு, அதன்மீது வேறொரு நோக்கத்தை ஏற்றி அளக்கின்றன.

2. வடிவமைப்பின் தனித்தன்மைகள்

கிராஃப்டன் எங்கே விலகுகிறது என்பதை அறிய, பித்தளை சாக்சபோன் செய்யப்படும் முறையை நினைவுகூர்தல் வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புடைய பித்தளைத் தகடு கூம்பாக உருட்டப்பட்டு, அதன் விளிம்புகள் இணைக்கப்படுகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட துளைகளின் விளிம்புகள் அத்தகட்டிலிருந்தே மேலே இழுத்து உயர்த்தப்படுகின்றன. சாவிகளைத் தாங்கும் சிறு தூண்கள் உடல்மீது பற்றவைக்கப்படுகின்றன. அத்தூண்களில் செருகப்பட்ட மெல்லிய எஃகு ஊசிகள், வில்போல் வளைந்து சாவிகளை அவற்றின் இடத்திற்கு மீட்கின்றன. இவ்வமைப்பு முழுவதும் உலோகத்தின் இரண்டு இயல்புகளைச் சார்ந்தது: பற்றவைக்கலாம், வளைக்கலாம். அக்ரிலிக்கிற்கு இவ்விரண்டு இயல்புகளும் இல்லை. கிராஃப்டனின் தனித்தன்மைகளிற் பெரும்பாலானவற்றை இந்த ஒரே இன்மையிலிருந்து விளக்க முடியும்.

முதலாவது, உடலின் வார்ப்பு. உருக்கிய அக்ரிலிக் அழுத்தத்துடன் அச்சினுள் செலுத்தப்பட்டு உடல் உருவாக்கப்பட்டது. அச்சு சரியாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு கருவியிலும் துளைகளின் இடமும் அளவும் ஒன்றாகவே இருக்கும். கைவினையில் எழும் வேறுபாடுகளை நீக்குவதால் இது ஒரு நன்மை. மறுபுறம், அச்சு செய்யும் செலவு மிகுதி. பல்லாயிரம் கருவிகள் விற்றால்தான் அச்செலவு ஈடாகும். மேலும், அக்காலத் தொழில்நுட்பத்தில் பெரிய வார்ப்புகளைச் செய்வது கடினமாக இருந்தமையால் டெனார் முதலிய பெரிய வகைகள் உற்பத்திக்கு வரவில்லை. கிராஃப்டன் ஆல்ட்டோ மட்டுமே வெளிவந்தது.

இரண்டாவது, சுருள்வில்கள். வழக்கமான ஊசிவில்களுக்கு மாற்றாகக் கிராஃப்டனில் சுருள்வில்கள் பயன்படுத்தப்பட்டன. ஊசிவில்லின் முழு விசையும் தூணிலுள்ள ஒரு சிறு துளையில் குவிகிறது. பித்தளை அதைத் தாங்கும். நொறுங்கும் இயல்புடைய அக்ரிலிக் அத்தகைய குவிந்த அழுத்தத்தில் விரிசல் காணும். இந்நோக்கில் சுருள்வில் பொருத்தமான மாற்றே. ஆனால் வாசிப்பவரின் விரலுக்கு அதன் விளைவு வேறாக இருந்தது. ஊசிவில் தரும் துடிப்பான எதிர்விசைக்கு மாறாக, கிராஃப்டனின் சாவிகள் பஞ்சுபோல் அமுங்குவதாக வாசித்தவர்கள் குறிப்பிட்டனர். ஊசிவில்லைச் சிறிது வளைத்து ஒவ்வொரு சாவியின் இறுக்கத்தையும் வாசிப்பவரின் விருப்பத்திற்கேற்ப அமைக்கும் வழக்கமான உத்தியும் இங்கே பயன்படவில்லை.

மூன்றாவது, உலோகக் கழுத்துக்குழல். உடல் பிளாஸ்டிக்காக இருந்தபோதிலும் ஊதுவாயை ஏற்கும் கழுத்துப்பகுதி உலோகத்தாலேயே செய்யப்பட்டது. ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் செருகி, திருகி, கழற்றப்படும் பகுதி இது. எனவே கிராஃப்டனை முழுமையான பிளாஸ்டிக் கருவி என்பது பொருந்தாது. உலோகச் சாவிகள், உலோகக் கழுத்து, பிளாஸ்டிக் உடல் ஆகியவற்றின் கூட்டமைப்பு என்பதே சரி.

நான்காவது, தோற்றம். அக்ரிலிக் இயல்பில் நிறமற்றது. அதற்கு எந்த நிறமும் ஊட்டலாம். பித்தளையைப் போலத் தோன்றச் செய்யும் வழியைக் கிராஃப்டன் நாடவில்லை. தந்தத்தை ஒத்த வெளிர்நிற உடலும் பொன்னிறச் சாவிகளும் அதன் அடையாளமாயின. தான் எதனால் ஆனது என்பதைக் கருவி மறைக்கவில்லை. வடிவமைப்பு நோக்கில் இது நேர்மையான தெரிவு. ஆயினும், பின்னர் காணப்போவதுபோல, இந்த வெளிப்படையான தோற்றமே அதன்மீதான தீர்ப்புகளைப் பெரிதும் வழிநடத்தியது.

3. மூலப்பொருளும் ஒலியும்

காற்றுக்கருவியின் ஒலி அது செய்யப்பட்ட பொருளிலிருந்து பிறக்கிறது என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார் குழல் செய்வதற்குரிய பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றைச் சுட்டி, மூங்கிலைத் தலையாயதாகவும் வெண்கலத்தை இடைநிலையிலும் வைக்கிறார். பொருள்களைத் தரவரிசைப்படுத்தும் இப்போக்கு எல்லா இசை மரபுகளிலும் காணப்படுகிறது. அதே வேளையில், தமிழிலுள்ள துளைக்கருவி என்னும் வகைப்பெயர் பொருளைச் சுட்டாமல் துளையைச் சுட்டுகிறது. மேலைநாட்டு வகைப்பாட்டில் பித்தளை சாக்சபோன் மரக்காற்றுக் கருவிகளுள் வைக்கப்படும் முரண், துளைக்கருவி என்னும் சொல்லில் எழுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் ஒலியியல் ஆய்வுகள் துளையின் பக்கமே சாய்ந்தன. டேட்டன் மில்லர் 1909இல் குழலின் சுவர்ப்பொருள் ஒலிப்பண்பைப் பாதிக்கிறது என்று எழுதினார். ஆனால் ஜான் பாக்கஸ் 1964இல் வெளியிட்ட ஆய்வு, கிளாரினெட் போன்ற கருவிகளில் சுவர் அதிர்வுகள் நிலைத்த ஒலிக்கு அளிக்கும் பங்கு புறக்கணிக்கத்தக்கது என்று காட்டியது. ஜான் கோல்ட்மன் 1971இல் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே உள்ளளவில் செய்த புல்லாங்குழல்களைக் கொண்டு சோதித்தபோது, கேட்டவர்களாலும் வாசித்தவர்களாலும் அவற்றை ஒலியால் பிரித்தறிய இயலவில்லை. சாக்சபோனிலும் ஒலிப்பது உலோகம் அன்று. ரீடின் அதிர்வால் இயக்கப்படும் கூம்புவடிவக் காற்றுத்தம்பமே ஒலிக்கிறது.

மூலப்பொருளுக்கு எவ்விதப் பங்கும் இல்லை என்பது இதன் பொருளன்று. அதன் பங்கு மறைமுகமானது. துளை விளிம்பின் கூர்மை, உட்பரப்பின் வழவழப்பு, அடைப்பு மெத்தைகள் துளையை மூடும் துல்லியம் ஆகியன ஒலியை உறுதியாக மாற்றும்; இவை ஒவ்வொன்றும் மூலப்பொருளையும் செய்முறையையும் சார்ந்தவை. ஆகவே ஒரு கிராஃப்டன் மங்கலாக ஒலித்தால், அது பிளாஸ்டிக் என்பதால் அவ்வாறு ஒலிக்கிறது என முடிவு செய்வதற்கு முன், அதன் மெத்தைகள் காற்றைக் கசியவிடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இங்கு ஒரு முரணும் சுட்டத்தக்கது. பித்தளைச் சாக்சபோன் வாசிப்பவர்களிற் பலர் எபோனைட்டாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஊதுவாயையே பயன்படுத்துகின்றனர். ஒலி உருவாகும் இடத்திலேயே உலோகமல்லாத பொருள் இருப்பதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. உடல் மட்டும் பிளாஸ்டிக் ஆனபோது அது குறையாயிற்று.

4. கேட்டலும் காண்டலும்: பார்க்கரும் கோல்மனும்

1953 மே 15ஆம் நாள் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள மாசி ஹாலில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஆகிய ஐவரும் இணைந்து நிகழ்ச்சி நடத்தினர். அன்று பார்க்கர் வாசித்தது கிராஃப்டன். அந்நிகழ்ச்சியின் பதிவு நவீன ஜாஸ் இசையின் மிகச்சிறந்த நேரடிப் பதிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இப்பதிவைக் கிராஃப்டனின் ஒலிக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். எனினும் அதில் எச்சரிக்கை தேவை. நேரடி அரங்கப் பதிவான இதில் மிங்கஸின் பேஸ் பகுதி பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மேலேற்றப்பட்டது. இத்தகைய பதிவில் கேட்கும் ஒலிநிறத்தைக் கருவியின் சுவர்ப்பொருளுக்கு மட்டும் உரியதாக்க இயலாது. இப்பதிவு உறுதியாகக் காட்டுவது வேறொன்று. விரைவான ஓட்டங்களையும் கட்டுக்கோப்பான சுருதியையும் இக்கருவியில் எட்ட முடியும் என்பதே அது. பஞ்சுபோல் அமுங்கும் சாவிகள் பார்க்கரின் விரல்களுக்குத் தடையாகவில்லை.

ஆர்னெட் கோல்மனின் நிலை வேறு. 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்தபோது உலோகக் கருவி வாங்கப் பொருள்வசதி இல்லாமையால் அவர் கிராஃப்டனை வாங்கினார். தொடக்கத்தில் அதன் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. நாளடைவில் உலோகத்தின் கணீரென்ற தன்மை இல்லாத அதன் வறண்ட ஒலியை அவர் விரும்பலானார். 1959இல் வெளிவந்த ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ இசைத்தட்டின் உறையில் அவர் வெண்ணிறக் கிராஃப்டனுடன் காட்சியளிக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் அரங்கில் அவர் தொடங்கிய நிகழ்ச்சிகள் இசையுலகை இரண்டாகப் பிளந்தன. சுரங்களின் வழக்கமான ஒத்திசைவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலகிய அவரது இசையைப் புதிய மொழி என்று சிலரும், பயிற்சியற்ற ஓசை என்று சிலரும் கூறினர். டான் செரியின் சிறிய பாக்கெட் டிரம்பெட்டும் கோல்மனின் பிளாஸ்டிக் சாக்சபோனும் மேடையில் ஒருசேர நின்றபோது, விளையாட்டுப் பொருள்களை வைத்து வாசிக்கிறார்கள் என்னும் ஏளனத்திற்கு அது வழிவகுத்தது.

இவ்விடத்தில்தான் மூலப்பொருள் பற்றிய கருத்து ஒரு கலைஞரின் மதிப்பீட்டையே பாதிக்கிறது. கோல்மனின் சுருதி விலகல்களுக்குப் பிளாஸ்டிக் உடலைக் காரணமாக்கினால், அவை அவரது தெரிவு அல்ல, கருவியின் குறை என்றாகிவிடும். அவரது இசைச் சிந்தனையே அங்கு மறுக்கப்படுகிறது. இவ்வாதத்தை இரண்டு சான்றுகள் தகர்க்கின்றன. முதலாவது, அதே வகைக் கருவியில் பார்க்கர் மரபான சுருதியில் வாசித்தார். இரண்டாவது, கோல்மன் பின்னாளில் உலோகக் கருவிக்கு மாறிய பிறகும் அவரது சுருதி அணுகுமுறையும் மனிதக் குரலை ஒத்த அழுகுரல் ஒலியும் மாறவில்லை. 2007இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘சவுண்ட் கிராமர்’ வரை அவை தொடர்கின்றன. கருவி மாறியும் மாறாதது கருவிக்கு உரியதாக இருக்க இயலாது.

ஒலி பற்றிய கோல்மனின் சொந்தக் கூற்றை இதனால் தள்ளிவிட வேண்டியதில்லை. வாசிப்பவர் தம் ஒலியைச் செவியால் மட்டும் கேட்பதில்லை. ஊதுவாயில் பதியும் பற்கள் வழியாகவும் சாவிகளைத் தொடும் விரல்கள் வழியாகவும் உணர்கிறார். கருவியின் எடை, வெப்பம், எதிர்விசை ஆகியன அவர் ஊதும் முறையையே மாற்றக்கூடும். வாசிப்பவரின் அனுபவம் உண்மையானது. அதைக் கேட்பவரின் செவிக்கும் அப்படியே உரியதாக்குவதே பிழை. அரங்கிலிருந்தவர்கள் பிளாஸ்டிக்கைக் கண்ணால் கண்டனர். கண்டதைக் கேட்டதாகக் கொண்டனர் எனலாம்.

5. பழுதுபார்ப்பு என்னும் அளவுகோல்

ஒலி காரணமன்று எனில் கிராஃப்டன் ஏன் நிலைக்கவில்லை? விடை பழுதுபார்ப்பவரின் மேசையில் உள்ளது.

பித்தளைச் சாக்சபோன் கீழே விழுந்தால் நசுங்கும், நசுங்கியதை நிமிர்த்தலாம். தூண் பெயர்ந்தால் மீண்டும் பற்றவைக்கலாம். துளை விளிம்பு கோணினால் அரத்தால் சமன்செய்யலாம். இவ்வாறு தவறுகளை மன்னிக்கும் இயல்பு பித்தளையின் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் கூறு. கிராஃப்டன் விழுந்தால் விரிசல் காணும் அல்லது உடையும். ஒட்டலாம், ஆனால் ஒட்டிய இடம் பழைய வலிமையைப் பெறுவதில்லை.

வெப்பமும் ஒரு சிக்கல். பித்தளையின் நீட்சி ஒரு பாகை செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் சுமார் 19 பங்கு. அக்ரிலிக்கில் இது சுமார் 70 பங்கு. 25 செ.மீ. நீளமுள்ள சாவித்தொகுதி ஒன்றைக் கொண்டு கணக்கிடலாம். வெப்பநிலை 20 பாகை உயர்ந்தால் அதன் கீழுள்ள அக்ரிலிக் உடல் 0.35 மி.மீ. நீளும்; பித்தளைச் சாவிகள் 0.1 மி.மீ. அளவே நீளும். பித்தளை உடலில் சாவியும் உடலும் சேர்ந்தே விரிவதால் இச்சிக்கல் இல்லை. கிராஃப்டனில் எழும் கால் மில்லிமீட்டர் வேறுபாடு, சாவிகள் தளர்வதற்கும் இறுகுவதற்கும் போதுமானது.

இவற்றுக்கு மேலாக, கிராஃப்டனின் உறுப்புகள் வேறெந்தக் கருவிக்கும் பொதுவானவை அல்ல. சுருள்வில்லோ சாவியோ பழுதானால் கிராஃப்டனின் உறுப்பே வேண்டும். உற்பத்தி ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தது. எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு 1967 வாக்கில் கடைசிக் கருவிகள் பொருத்தப்பட்டன. அதன்பின் அச்சுகளும் கருவிகளும் உதிரி உறுப்புகளும் அழிக்கப்பட்டன. அன்றுமுதல் உடையும் ஒவ்வொரு கிராஃப்டனும் மற்றொரு கிராஃப்டனைப் பிரித்தே சரிசெய்யப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் கார்ல் டோல்மெட்ச் பேக்கலைட்டால் செய்த ரிக்கார்டர் குழல்கள் பள்ளிகளில் பரவலாக ஏற்கப்பட்டன. ரிக்கார்டரில் சாவிகள் இல்லை, வில்கள் இல்லை, உடைந்தால் வேறொன்று வாங்கும் அளவுக்கு விலை குறைவு. பிளாஸ்டிக் ஒரு காற்றுக்கருவிக்கு ஒவ்வாத பொருள் அன்று என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது. இயங்குறுப்புகள் மிகுந்து, பலகாலம் பேணப்பட வேண்டிய கருவியில் அப்பொருள் பழுதுபார்ப்பு மரபோடு மோதுகிறது என்பதே சிக்கல். பல பத்தாண்டுகள் கழித்து தாய்லாந்தின் வைப்ராட்டோ நிறுவனம் பாலிகார்பனேட்டால் சாக்சபோன் செய்தபோது, அக்ரிலிக்கைவிட எளிதில் நொறுங்காத பொருளைத் தேர்ந்தெடுத்தது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பார்க்கர் வாசித்த கிராஃப்டன் 1994 செப்டம்பரில் இலண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 93,500 பவுண்டுக்கு விலைபோனது. கேன்சஸ் நகரத்தின் சார்பில் அதை வாங்கியவர் அந்நகர மேயர் இமானுவேல் கிளீவர். இன்று அது அந்நகரின் அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 55 கினிக்கு, பொருள்வசதி குறைந்தோரும் வாங்கத்தக்கதாகச் செய்யப்பட்ட கருவி, எவரும் வாசிக்க இயலாத அரும்பொருளாகிவிட்டது. அதன் மதிப்பு உயர்ந்தபோதும் மதிப்பீடு திருந்தவில்லை. ஏளனமும் போற்றுதலும் ஒருசேர அதன் கட்டமைப்பைக் கடந்து சென்றன.

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. கிராஃப்டனின் தனித்தன்மைகள் தனித்தனிப் புதுமைகள் அல்ல. பற்றவைக்கவும் வளைக்கவும் இயலாத உடலிலிருந்து எழுந்த ஒரே தொடர் விளைவுகள். அதன் ஒலி பற்றிய தீர்ப்புகளிற் பெரும்பகுதி செவியைவிடக் கண்ணைச் சார்ந்தது. கோல்மனைப் பொறுத்தவரை அத்தீர்ப்பு ஒரு கலைஞரின் தெரிவைக் கருவியின் குறையாகத் திரித்தது. இறுதியாக, ஓர் இசைக்கருவியின் நல்வடிவமைப்பை அது ஒலிக்கும் முதல் நாளைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. அது பழுதுபடும் நாளையும் கணக்கில் கொள்ளவேண்டும். இசைக்கருவி ஆய்வுகளில் ஒலியியலாளரும் கலைஞரும் பெறும் இடத்தைப் பழுதுபார்ப்பவரும் பெறவேண்டும் என்பதைக் கிராஃப்டனின் வரலாறு வலியுறுத்துகிறது.